பெயர் சொல்லும் இடத்தில் யார் இருக்கிறார்கள்?
குடியரசுத் தலைவர் தேர்தலும் சிறிய முற்போக்குக் கட்சிகளும்



2022 ஜூலையில் இதே குத்தாலத்தில் ஒரு படிப்பகத் திண்ணையில் நடந்த பேச்சிலிருந்து தொடங்குகிறேன். மயிலாடுதுறையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த தம்பி ஒருவன் கேட்டான்: “ஏக்கா, ஒரு பழங்குடி அம்மா நாட்டுக்கே தலைவரா வரப்போறாங்க. அவங்களுக்கு எதிரா, பிஜேபியில மந்திரியா இருந்த ஒருத்தருக்கு நம்ம ஆளுங்க ஓட்டுப் போடுறாங்க. இது என்னக்கா கணக்கு?” நான் ஒரு பதில் சொன்னேன். கூட்டாட்சி, மதச்சார்பின்மை, பாசிச எதிர்ப்பு எல்லாம் அதில் இருந்தன. தம்பி தலையாட்டினான். மரியாதைக்குத்தான் ஆட்டினான் என்று தெரிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கும் அந்தப் பதில் போதவில்லை. இன்றைய உரை அவனுக்குச் சொல்லாமல் விட்ட மிச்சப் பதில்.

நடந்ததை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். 2022 ஜூன் 15 அன்று மம்தா பானர்ஜி அழைப்பில் எதிர்க்கட்சிகள் டெல்லியில் கூடின. பொது வேட்பாளர் ஒருவரை நிறுத்துவதென முடிவாயிற்று. ஆனால் ஆள் கிடைக்கவில்லை. சரத் பவார் மறுத்தார், பரூக் அப்துல்லா விலகிக்கொண்டார், கோபாலகிருஷ்ண காந்தி வேண்டாம் என்றார். ஜூன் 21 அன்று யஷ்வந்த் சின்ஹாவின் பெயர் அறிவிக்கப்பட்டது. வாஜ்பாய் அமைச்சரவையில் நிதியும் வெளியுறவும் பார்த்தவர், பிறகு பாஜகவை விட்டு வெளியேறித் திரிணாமுல் காங்கிரசில் சேர்ந்தவர். அதே நாள் இரவு பாஜக அணி திரௌபதி முர்முவின் பெயரை அறிவித்தது. சந்தால் பழங்குடிப் பெண். ஜார்க்கண்ட் ஆளுநராக இருந்தபோது, சோட்டாநாக்பூர், சந்தால் பர்கானா குத்தகைச் சட்டங்களுக்கு அவரது சொந்தக் கட்சியின் அரசே கொண்டுவந்த திருத்தங்களை 2017இல் திருப்பி அனுப்பியவர். பழங்குடி நிலம் கைமாறும் என்று மக்கள் தெருவில் நின்று எதிர்த்த திருத்தங்கள் அவை.

அறிவிப்பு வந்ததும் பொது வேட்பாளர் அணி உடையத் தொடங்கியது. காங்கிரசோடு ஜார்க்கண்டில் ஆட்சி நடத்திக்கொண்டிருந்த ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா முர்முவை ஆதரித்தது. உத்தவ் தாக்கரேயின் சிவசேனாவும் பகுஜன் சமாஜ் கட்சியும் அவரையே ஆதரித்தன. இங்கே விடுதலைச் சிறுத்தைகளும் இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் திமுக அணியோடு சின்ஹாவுக்கு வாக்களித்தன. ஜூலை 21 அன்று முடிவு: முர்முவுக்கு 6,76,803, சின்ஹாவுக்கு 3,80,177.

சின்ஹாவுக்கு வாக்களித்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இடத்தில் நான் உறுப்பினராக இருந்திருந்தாலும் அப்படித்தான் வாக்களித்திருப்பேன். என் கேள்வி அதற்கு முன்னால் இருக்கிறது. ஜூன் 15க்கும் 21க்கும் இடையில் பெயர் பேசப்பட்ட அந்த ஆறு நாளில் நாம் எங்கே இருந்தோம்?

எண்ணிக்கை என்ன சொல்கிறது

இந்தத் தேர்தல் நடக்கும் விதம் பலருக்குத் தெரிவதில்லை. சமூகவியல் முதுகலை முடித்த பிறகும் எனக்கு முழுதாகத் தெரியாது. 2022க்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஆகவே சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் வாக்களிக்கிறார்கள். நியமன உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கு மாநில மக்கள்தொகையை வைத்து மதிப்புப் போடுகிறார்கள். அதுவும் 1971 கணக்கெடுப்பின் மக்கள்தொகை. அப்போது தமிழ்நாட்டில் இருந்தவர்கள் நான்கு கோடியே 12 லட்சம். அதை 234ஆல் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் 176. உத்தரப்பிரதேச உறுப்பினருக்கு 208, சிக்கிமில் 7. (நம் குத்தாலம் தொகுதியே 2008 மறுசீரமைப்பில் இல்லாமல் போய்விட்டது. 1971இல் இங்கே இருந்த தலைகள் மட்டும் இன்னமும் அந்தக் கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன.) 2022இல் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 700. மொத்தம் 10,86,431.

இதில் நம் பங்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அப்போது விடுதலைச் சிறுத்தைகளுக்கு நான்கு சட்டமன்ற உறுப்பினர்கள், சிபிஐக்கு இருவர், சிபிஎம்முக்கு இருவர். மக்களவையில் ஆளுக்கு இருவர். சிறுத்தைகளின் இருவரில் ஒருவர் உதயசூரியன் சின்னத்தில் வென்றவர், அவரையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆக 14 பேர். எட்டை 176ஆல் பெருக்கி, ஆறை 700ஆல் பெருக்கிக் கூட்டினால் 5,608. நூற்றில் அரை பங்கு. அந்த 14 பேரில் நான்கு பேர் நம் பழைய கீழத்தஞ்சையிலிருந்து போனவர்கள்: நாகப்பட்டினம், கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டி சட்டமன்றத் தொகுதிகள், நாகை மக்களவைத் தொகுதி.

அரை சதவீதம் வைத்துக்கொண்டு முடிவை மாற்ற முடியாது. சின்ஹா தோற்றது சுமார் மூன்று லட்ச வித்தியாசத்தில். நம் 5,608 அந்தப் பக்கம் போயிருந்தாலும் இந்தப் பக்கம் வந்திருந்தாலும் ராஷ்டிரபதி பவனில் அதே ஆள்தான். அப்படியென்றால் பெரிய கட்சிகள் ஏன் நம்மை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்? கையெழுத்துக்கும் முகத்துக்கும்தான். “தலித் கட்சியும் எங்களோடு, செங்கொடியும் எங்களோடு” என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம்மிடம் இருக்கும் சரக்கு அந்த அங்கீகாரம்தான். அதை நாம் ஒவ்வொரு முறையும் விலை பேசாமல் கொடுத்துவிடுகிறோம்.

அடுத்து இரண்டு விதிகள். இவைதான் இன்றைய பேச்சின் ஆணிவேர்.

முதலாவது, இது விருப்ப வரிசை வாக்கு. உறுப்பினர் 1, 2, 3 என்று எழுதலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பப்படி பிரிப்பார்கள். ஆக, மூன்றாவது வேட்பாளர் நின்றால் வாக்கு சிதறிவிடும் என்ற பயம் சட்டமன்றத் தேர்தலுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. நம் வேட்பாளருக்கு 1, பெரிய அணியின் வேட்பாளருக்கு 2 என்று எழுதினால் ஒரு வாக்கும் வீணாகாது.

இரண்டாவது விதி அந்தக் கதவைப் பாதி சாத்துகிறது. வேட்புமனுவில் 50 வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும், வேறு 50 பேர் வழிமொழிய வேண்டும். 1997க்கு முன்பு பத்தும் பத்தும் போதும். அதற்கும் முன்னால், 1974 வரை, ஒருவரும் ஒருவரும். வேடிக்கைக்காக நிற்பவர்களைத் தடுக்க என்றுதான் எண்ணிக்கையை ஏற்றினார்கள். கூடவே சிறிய கட்சிகளும் வெளியே நின்றுவிட்டன. நம் 14 பேரால் ஒரு பெயரை முன்மொழியக்கூட முடியாது.

கொறடா உத்தரவு இதில் செல்லாது, வாக்கு ரகசியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் பாஜக அணிக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லாத கேரளச் சட்டமன்றத்திலிருந்து முர்முவுக்கு ஒரு வாக்கு விழுந்தது. யார் என்று இன்றுவரை யாரும் கையைத் தூக்கவில்லை.

கிரி ஜெயித்த ஆண்டு

சிறிய கட்சிகளின் வாக்கு ஒரு முறை முடிவையே தீர்மானித்தது. 1969 மே மாதம் ஜாகிர் உசேன் காலமானார். காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தி தன் கட்சி வேட்பாளரையே கைவிட்டு, மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார். வி.வி. கிரியைக் கம்யூனிஸ்டுகள், திமுக, அகாலி தளம் ஆகியோர் ஆதரித்தார்கள். ஜனசங்கமும் சுதந்திராவும் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தின. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெல்ல வேண்டியது 4,18,169. கிரிக்கு பதினாறாயிரத்துச் சொச்சம் குறைந்தது. பிறகு அடுத்த விருப்பங்களைப் பிரித்தார்கள். தேஷ்முக்கின் வாக்குகளில் பெரும்பகுதி ரெட்டிக்குப் போயிற்று. ஆனால் பல பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிரிக்கு 18,562 வந்து சேர்ந்தது. கடைசிக் கணக்கு 4,20,077க்கு 4,05,427. அன்று இடதுசாரிகளும் திமுகவும் வேறு பக்கம் நின்றிருந்தால் கிரி இல்லை.

முற்போக்குக் கட்சிகள் ஒன்றுபட்டதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது. பொதுவாகப் பாடநூல்கள் இங்கே நிறுத்திக்கொள்ளும். கீழத்தஞ்சைக்காரர்கள் நாம் நிறுத்த முடியாது. அந்த வாக்களிப்புக்கு எட்டு மாதம் முன்னால், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேரை ராமையாவின் குடிசையில் வைத்து எரித்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது திமுக. எரிந்தவர்கள் செங்கொடிச் சங்கத்து ஆட்கள். இரண்டு கட்சியும் கிரியின் பக்கம் ஒன்றாக நின்றன. வெண்மணிக்குப் பிறகு கணபதியா பிள்ளை ஆணையமும் 1969இன் நியாயக் கூலிச் சட்டமும் வந்தன. அவை வயலில் நடந்த போராட்டத்தாலும் பிணங்களாலும் வந்தவை, டெல்லிக் கூட்டணியால் வந்தவை அல்ல. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் மற்ற மிராசுதாரர்களையும் விடுதலை செய்தபோது குடியரசுத் தலைவராக இருந்தவர் நாம் ஜெயிக்க வைத்த அதே கிரி. அவரால் அதில் எதுவும் செய்திருக்க முடியாது, சட்டம் அப்படி. அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வாக்கு தீர்மானகரமாக இருந்த ஒரே சமயத்திலும், நம் மக்களுக்காக என்ன என்ற கேள்வியை யாரும் மேசையில் வைக்கவில்லை.

1997 ஜூலை

கே.ஆர். நாராயணன் தேர்வான மாதத்தை நம் தலைமுறைக்கு மறக்க முடியாது. அவரை 1992இல் துணைத் தலைவராக்க முதலில் குரல் கொடுத்தவர் வி.பி. சிங். ஐந்து ஆண்டு கழித்து, ஐக்கிய முன்னணி, காங்கிரஸ், பாஜக எல்லோரும் அவர் பக்கம். எதிர்த்து நின்ற டி.என். சேஷனுக்கு 50,631, நாராயணனுக்கு 9,56,290. வாக்குப்பதிவு ஜூலை 14. அதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு, ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பட்டப்பகலில் பேருந்திலிருந்து இறக்கி வெட்டினார்கள். தலித்துக்கு ஒதுக்கிய ஊராட்சியில் தலைவராக நின்று ஜெயித்தது அவர் செய்த குற்றம். நாட்டின் முதல் குடிமகனாக ஒரு தலித் வரலாம். ஓர் ஊராட்சிக்கு வரக்கூடாது. பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில், தெற்குத்திட்டையில், 2020இல் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படத்தை எல்லோரும் பார்த்தோம். அது வேறொரு சொற்பொழிவுக்கான விஷயம்.

மேலவளவைக் காட்டி, “மேலே ஆள் மாறினால் என்ன வந்தது, அது ரப்பர் ஸ்டாம்ப்” என்று சொல்லும் தோழர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அமைச்சரவை சொல்வதைக் கேட்கவேண்டியவர்தான் குடியரசுத் தலைவர். ஆனால் ஒரு முறை “மறுபடி யோசியுங்கள்” என்று திருப்பி அனுப்ப அரசியல் சட்டம் இடம் தருகிறது. நாராயணன் அந்த இடத்தைப் பயன்படுத்தினார். 1997 அக்டோபரில் உத்தரப்பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். அனுப்பியது அவரை நிறுத்திய ஐக்கிய முன்னணி அரசு, காப்பாற்றப்பட்டது பாஜக ஆட்சி. அடுத்த ஆண்டு வாஜ்பாய் அரசு பீகாரைக் கலைக்கச் சொன்னபோது அதையும் திருப்பினார். உச்ச நீதிமன்ற நியமனங்களில் தலித், பழங்குடியினரைக் கருதினீர்களா என்று கோப்பில் எழுதிக் கேட்டார். குடியரசின் ஐம்பதாம் ஆண்டில், அரசியல் சட்டத்தை மறுஆய்வு செய்யப் புறப்பட்டவர்களை மேடையில் வைத்துக்கொண்டே, குறை சட்டத்திலா நம்மிடமா என்ற கேள்வியை எழுப்பினார். ஆள் யார் என்பது முக்கியம்தான். சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது என்பதும் அதே அளவு முக்கியம்.

மாணவர்களுக்கு இன்னொரு கணக்கு சொல்கிறேன். நீட் விலக்கு மசோதாவை நம் சட்டமன்றம் 2022 பிப்ரவரி 8 அன்று இரண்டாம் முறை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அது டெல்லி போனது. ஜூலையில் நம் ஆட்கள் வாக்களிக்கும்போது அந்தக் காகிதம் அங்கேதான் இருந்தது. 2025 ஏப்ரலில், ஒப்புதல் மறுக்கப்பட்டதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மாநிலச் சட்டமன்றம் அனுப்பும் மசோதாவைக் கிடப்பில் போடமாட்டேன், மறுத்தால் காரணம் சொல்வேன் என்று எந்த வேட்பாளரிடமும் எழுதி வாங்குவதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

தனியாக நின்றால்

2002இல் இடதுசாரிகள் ஒரு காரியம் செய்தார்கள். குஜராத் படுகொலைகள் நடந்து சில மாதமே ஆகியிருந்தது. பாஜக அணி அப்துல் கலாமை நிறுத்தியது. காங்கிரசும் சமாஜ்வாதியும் ஒப்புக்கொண்டன. இடதுசாரிகள் மட்டும், சென்னையில் பிறந்து நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமி சாகலை நிறுத்தினார்கள். 9,22,884க்கு 1,07,366. படுதோல்விதான். ஆனால் அன்று அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசியதால், இது ஏகமனதான தேர்வு இல்லை, மறுத்த ஒரு லட்சம் உண்டு என்பது பதிவாயிற்று. இந்த வசதி இடதுசாரிகளுக்கு அன்று கிடைத்ததற்குக் காரணம் நூறு கையெழுத்து அவர்களிடம் இருந்தது.

2017 இதற்கு நேர் எதிர். ஜூன் 19 அன்று பாஜக ராம்நாத் கோவிந்தை அறிவித்தது. மூன்று நாள் கழித்து 17 எதிர்க்கட்சிகள் மீரா குமாரை அறிவித்தன. அவர் ஜெகஜீவன் ராமின் மகள், மக்களவையின் முதல் பெண் சபாநாயகர், தகுதியில் குறையில்லை. அவர்கள் ஒரு தலித்தை நிறுத்திவிட்டார்கள், நாமும் ஒரு தலித்தை நிறுத்தினால்தான் தலித் கட்சிகளை விலகாமல் பிடித்து வைக்கலாம் என்பதுதான் அந்த மூன்று நாளின் யோசனை. முதலில் பெயர் சொன்னவர்கள் அவர்கள். நாம் பதில் சொல்லும் இடத்தில்தான் இருந்தோம். 7,02,044க்கு 3,67,314 என்று முடிந்தது.

இரண்டு தலித்துகள் போட்டியிட்ட, இந்த நாடு அதுவரை பார்க்காத அந்தத் தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒரு வாக்குக்கூட இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் கம்யூனிஸ்டுகளும் இல்லை. காரணம் 2016.

2016ஐ எப்படி வாசிப்பது

இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தக் கூட்டத்தில் பலருடைய காயம் அது. மதிமுக, சிறுத்தைகள், சிபிஐ, சிபிஎம் நான்கும் சேர்ந்து மக்கள் நலக் கூட்டணி கண்டன. குறைந்தபட்ச செயல்திட்டம் ஒன்றை எழுதினார்கள். ஒரு தலித் ஏன் முதல்வராகக் கூடாது என்ற கேள்வி சிறுத்தைகள் தரப்பிலிருந்து எழுந்தது. தமிழ்நாடு அதைக் கேட்டு நெளிந்ததை நான் பார்த்தேன். ஊர் ஊராகக் கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. பிறகு 2016 மார்ச்சில் தேமுதிக வந்தது. முதல்வர் வேட்பாளர் விஜயகாந்த் என்றார்கள். தலித் முதல்வர் கேள்வி அதற்கு மேல் எந்த மேடையிலும் இல்லை. முடிவு பூஜ்யம். காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 வாக்கில் தோற்றார். ஒரு தெரு வாக்கு.

இதிலிருந்து இரண்டு பாடம் எடுக்கிறார்கள். சிறியவர்கள் சேர்ந்தால் இப்படித்தான், பெரிய கட்சியின் நிழலில் இருப்பதே பிழைப்பு என்பது ஒன்று. இன்னும் சில மாதம் கிடைத்திருந்தால் ஜெயித்திருப்போம் என்பது மற்றது. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. நான்கு கட்சியும் முதலில் கொள்கையில் கூடின, அது சரி. கடைசியில், வெளியிலிருந்து வந்த ஒரு பெயரின் பின்னால் நின்றன. அந்தப் பெயருக்கும் செயல்திட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று எங்கள் தெருவில் கேட்டவர்களுக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஒன்றுபட்டதால் தோற்றோம் என்று நான் நினைக்கவில்லை. எதற்காக ஒன்றுபட்டோமோ அதைப் பெயருக்காக விட்டுக்கொடுத்ததால் தோற்றோம்.

வாக்கு கைமாறுவதும் தலைவர்கள் கைகுலுக்குவதும் வேறு வேறு. இதை நம்மில் முதலில் அனுபவித்தவர் பாபாசாகேப் தான். 1952இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு சோசலிஸ்ட் கட்சியோடு உடன்பாடு செய்தது. வட பம்பாய் இரட்டை உறுப்பினர் தொகுதியில் அவரும் அசோக் மேத்தாவும். இருவருமே தோற்றார்கள். நாராயண் கஜ்ரோல்கரிடம் பாபாசாகேப் சுமார் பதினாலாயிரம் வாக்கில் தோற்றார். அரசியல் சட்டத்தை எழுதி முடித்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம்

நாகைக்கு எதிர்க்கரையில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இலங்கையில் குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அங்கேயும் மூன்று விருப்பம் வரை எழுதலாம். 2010இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு மகிந்த ராஜபக்சவைத் தோற்கடிப்பதற்காக சரத் பொன்சேகாவை ஆதரித்தது. எட்டு மாதம் முன்புதான் முடிந்திருந்த போரை நடத்திய ராணுவத் தளபதி அவர். மக்கள் அந்தக் கசப்பையும் விழுங்கி வாக்களித்தார்கள், அவரும் தோற்றார். 2024இல் இந்த அலுப்பிலிருந்துதான் தமிழ்ப் பொது வேட்பாளர் என்ற யோசனை செயலுக்கு வந்தது. பா. அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்றார். அவர் சார்ந்த தமிழரசுக் கட்சியே அவரை ஏற்காமல் சஜித் பிரேமதாசாவை ஆதரித்தது. அவருக்கு 2,26,343 வாக்கு, நாடு தழுவிய கணக்கில் 1.7 சதவீதம். யாழ்ப்பாணத்தில் சஜித்துக்கு மிக நெருங்கிய இரண்டாம் இடம். அந்தத் தேர்தலில்தான் அங்கே முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களை எண்ண வேண்டி வந்தது. இரண்டு மாதத்தில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அனுர குமாரவின் கட்சி யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்று இடத்தைப் பிடித்தது. பொது வேட்பாளரைச் சுற்றிக் கூடியவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பட்டியலாகப் பிரிந்துவிட்டிருந்தார்கள். பெயர் தங்களுடையதாக இருந்தது; தேர்தலுக்கு மறுநாள் என்ன செய்வது என்பதில் உடன்பாடு இல்லை.

என் தரப்பு

சிறிய முற்போக்குக் கட்சிகள் ஒரே வேட்பாளர் பின்னால் நிற்க வேண்டுமா? வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் ஒருவரோடொருவர் நிற்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக அந்தந்தப் பெரிய கட்சியின் வால் பிடித்துக்கொண்டு டெல்லி போனால் 14 பேர்தான். சேர்ந்து போனால் எவ்வளவு என்று 2022 கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். கேரளத்தில் சிபிஎம் 62, சிபிஐ 17. நம் 14. பீகாரில் சிபிஐ (எம்எல்) 12. மொத்தம் 105. கேரளத்து நாடாளுமன்ற உறுப்பினர்களையும் திரிபுராவையும் இன்னும் சேர்க்கவில்லை. நூறு கையெழுத்து இருந்தது, தோழர்களே. ஒரு பழங்குடித் தலைவரையோ தலித் அறிஞரையோ பாஜக அறிவிப்பதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். முதல் விருப்பம் அவருக்கு, இரண்டாவது எதிரணிப் பொது வேட்பாளருக்கு. ஒரு வாக்கும் பாஜகவுக்குப் போயிருக்காது. பெரிய கட்சிகள் அந்தப் பெயரையே தங்கள் பெயராக ஏற்கவேண்டிய நெருக்கடியும் வந்திருக்கலாம். ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா அந்தப் பக்கம் போயிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மறுப்பு உண்டு. நான் மதிக்கும் மூத்த தோழர் ஒருவர் இந்த உரையின் வரைவைப் படித்துவிட்டுச் சொன்னார்: “திமுகவோடு தொகுதி உடன்பாட்டில் இருந்துகொண்டு டெல்லியில் தனிப் பெயர் சொன்னால், அடுத்த தேர்தலில் ஒரு சீட்டு குறையும்.” உண்மைதான். அந்த ஒரு இடம் என்பது இங்கே ஒரு சேரிக்குச் சாலையாகவும் ஒரு வழக்கில் காவல் நிலையம் போய்க் கேட்கும் குரலாகவும் இருப்பதை நான் அறிவேன். அதைச் சிறிதாக்கிப் பேசமாட்டேன். ஆனால் 2023 மே மாதத்தை நினைவுபடுத்தினேன். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறக்க முர்முவை அழைக்கவில்லை. சிறுத்தைகளும் கம்யூனிஸ்டுகளும் உட்பட எதிர்க்கட்சிகள் விழாவைப் புறக்கணித்து, குடியரசுத் தலைவரை அவமதித்துவிட்டார்கள் என்று அறிக்கை விட்டன. நியாயமான அறிக்கை. ஒன்பது மாதத்துக்கு மேல் அவர் பதவியில் இருந்தும், அவருக்காக நாம் பேசியது அவரை எதிர்த்து வாக்களித்த பிறகுதான். ஒரு பழங்குடிப் பெண்ணின் பெயரை முதலில் சொல்லும் இடத்தை நாம் விட்டுக்கொடுத்திராவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை. தோழர் சிரித்தார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது.

முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலை 24 அன்று முடிகிறது. அதற்கு முன் வாக்குப்பதிவு. அதற்கும் முன்னால் 2026இல் இங்கேயும் கேரளத்திலும் சட்டமன்றத் தேர்தல். நூறு கையெழுத்துக் கணக்கு அதில் கூடலாம், குறையலாம். அதனால் பெயர் தேடுவதை 2027 ஜூனில் வைத்துக்கொள்ளக் கூடாது. 2026 இறுதிக்குள் இந்தக் கட்சிகள் ஒரு முறையாவது ஒரே அறையில் உட்கார வேண்டும். வேட்பாளரிடம் கேட்க வேண்டியதும் இப்போதே எழுதப்பட வேண்டும்: மாநில மசோதாக்களைப் பற்றி, நீதிபதி நியமனத்தில் நாராயணன் கேட்ட கேள்வியைத் தொடர்வதைப் பற்றி, 1950ஆம் ஆண்டு ஆணையால் தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் பட்டியலுக்கு வெளியே நிற்பதைப் பற்றி அவர் பகிரங்கமாக என்ன சொல்வார் என்று. அந்த ஆணை குடியரசுத் தலைவர் பெயரில் வந்தது. வேளாங்கண்ணி முதல் தரங்கம்பாடி வரை எத்தனை குடும்பம் அதற்கு வெளியே நிற்கிறது என்பதை இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கேள்விகளை மூன்று கட்சிகளின் மாநிலச் செயலகங்களுக்கும் அனுப்ப ஒரு கடித வரைவு எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கம்தான். திண்ணையில் கேள்வி கேட்ட தம்பி இப்போது சட்டம் படிக்கிறான். இரண்டாம் பக்கத்தில் பாதி அவன் திருத்தியது. கூட்டம் முடிந்ததும் சுற்றுக்கு வரும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், உடன்பாடில்லாத வரியை அடித்துவிட்டும் போடலாம்.